ஒளிச்சேர்க்கைக்கு வசனம் எழுதிய கதை

நான் தமிழாசிரியை. ஆண்டு விழா வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் போட்டுக் கொடுப்பேன். எனக்கும் மேடைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். பள்ளியில் நாடகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் விலகிப் போனதும், அந்த ஒரே தகுதியை வைத்து வகுப்பை என் தலையில் கட்டினார்கள். 13, 14 வயதுப் பிள்ளைகள் 28 பேர், வாரத்துக்கு இரண்டு பீரியட். "மத்த பாடங்களோட இதை இணைச்சுக் காட்டுங்க டீச்சர். இதைப் படிச்சா என்ன வேலைன்னு பெற்றோருக்கும் சொல்லணும். இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த ரெண்டு பீரியடும் கணக்குக்குப் போயிடும்" என்றார் தலைமையாசிரியர். சரி என்று தலையாட்டினேன். எப்படி இணைப்பது என்று கேட்க ஆளில்லை. அந்தத் தலையாட்டலுக்கு நான் கொடுத்த விலை 14 வாரங்கள், கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம், கொஞ்சம் மானம். உங்களில் யாராவது இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், என்னிடம் யாரும் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இணைப்பு என்றதும் எனக்குத் தோன்றியது பாடத்தையே நாடகமாக்குவது. உயிரியல் புத்தகத்தைத் திறந்தேன், ஒளிச்சேர்க்கை கண்ணில் பட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து வசனம் எழுதினேன். கரியமில வாயுவுக்குக் கறுப்புத் துணி, பச்சையத்துக்குப் பச்சைத் துணி, சூரியனுக்குத் தெர்மாகோலில் ஜரிகை ஒட்டிய பெரிய வட்டம். உச்சகட்டக் காட்சியில் கரியமில வாயு தன் கறுப்புத் துணியை உதறியெறிந்துவிட்டு, உள்ளே மறைத்து வைத்திருந்த வெள்ளைப் பலூன்களைக் கூட்டத்தை நோக்கித் தூக்கிப் போடுவான். அதுதான் ஆக்சிஜன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அரங்கேற்றத்தன்று கைதட்டல் பிரமாதம். முடிந்ததும் உயிரியல் டீச்சர் எழுந்து அந்தப் பையனிடம் மெதுவாகக் கேட்டார்: "ஆக்சிஜன் எங்கிருந்துப்பா வந்தது?" அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்கிட்டேருந்துதான் டீச்சர்" என்றான்.

தப்பு. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. எடை கூடிய ஆக்சிஜன் ஐசோடோப்பை அடையாளமாக வைத்து 1941-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். பலூன் பறந்த காட்சி பிள்ளைகள் மனதில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டதால், அதைப் பிடுங்கியெடுக்க அவருக்கு இரண்டு வகுப்புகள் ஆயின. "நாடகமா பார்த்தது மறக்கவே மாட்டேங்குது, அதான் பிரச்சினை" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடகம் நினைவில் நிற்கும் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். தப்பாகப் போட்டால் தப்பும் அதே உறுதியோடு நிற்கும். ஆகவே முதல் விஷயம்: இன்னொரு பாடத்தைத் தொடும் எந்த வசனத்தையும் ஒத்திகைக்குக் கொடுக்கும் முன் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். வசனம் மட்டும் போதாது, மேடையில் யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். என் வசனத்தில் பிழை கிடையாது. பிழை பலூனில் இருந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று அதில் இருந்தது, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அது நாடகமே இல்லை. மேடையில் ஒருவர் எதையோ விரும்ப வேண்டும், ஏதோ ஒன்று குறுக்கே நிற்க வேண்டும். நடிப்புப் பயிற்சியை ஒழுங்குபடுத்திய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர் தன் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டிய முதன்மையான கேள்விகளில் ஒன்றாக வைத்தது இதைத்தான்: இந்தக் காட்சியில் இவருக்கு என்ன வேண்டும்? கரியமில வாயுவுக்கு ஒன்றும் வேண்டாம். அதற்கு ஆசையும் கிடையாது, தயக்கமும் கிடையாது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தை உடை மாட்டிக்கொண்டு ஒப்பித்தார்கள். உயிரியலும் நட்டம், நாடகமும் நட்டம்.

இத்தோடு திருந்தியிருக்கலாம். அடுத்து வரலாற்றில் கை வைத்தேன். சம்பளத்தில் ஓட்டை விழுந்தது இங்கேதான். அரசவைக் காட்சி என்பதால் கிரீடம், அங்கவஸ்திரம், வாள், சிம்மாசனம் எல்லாம் கைக்காசில். பள்ளி திருப்பித் தரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எழுதி வாங்காத செலவு உங்கள் செலவு. அதை நட்டக் கணக்கில் எழுதிவிட்டேன். வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அமைச்சராக நடித்த பெண் கணீரென்று நாலு பக்க வசனம் பேசினாள். பிறகு, "அந்த அமைச்சர் ஏன் போர் வேண்டாம்னு சொன்னார்?" என்று கேட்டேன். "நீங்க எழுதிக் குடுத்தீங்க டீச்சர்" என்றாள். அவள் மேல் என்ன குற்றம்?

டோரதி ஹீத்கோட் (1926–2011) என்ற பிரிட்டிஷ் நாடக ஆசிரியையைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். மேடையேற்றம் என்ற முடிவை நோக்கி ஓடாமல், பிள்ளைகளை ஒரு துறையின் நிபுணர்களாகப் பாவித்துக்கொள்ளச் செய்து, அவர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுப்பது அவர் வழி. ஒரு பழைய கடிதத்தை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறோம், நீங்கள்தான் காப்பாளர்கள், கீழே என்ன குறிப்பு எழுதுவீர்கள்? இப்படித் தொடங்கினால் கிரீடமும் வேண்டாம், வாளும் வேண்டாம். பிள்ளைகள் தாங்களாகவே போய்ப் படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறார்கள். இன்னொன்றும் கைகொடுத்தது. ஒருவர் நாற்காலியில் பாத்திரமாகவே உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். உலகமெங்கும் நாடக வகுப்புகளில் செய்வதுதான். நான் அதில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன்: ஆதாரம் இல்லாத கேள்விக்கு, பாத்திரத்தை விட்டு வெளியே வந்து "இதற்குச் சான்று இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பாத்திரமாகிவிட வேண்டும். வரலாற்று ஆசிரியர் எங்கள் வகுப்பு வாசலில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது அந்த விதிக்குப் பிறகுதான்.

ஆனால் திருப்பம் வந்தது நான் திட்டமிட்ட எதிலும் இல்லை. வகுப்பில் ஒரு பையன், நடிக்கச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும். அவனை விளக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன், தண்டனை மாதிரி. ஒரு நாள் ஒத்திகையில், "டீச்சர், அவ ரெண்டு அடி பின்னாடி போனா முகமே இருட்டாயிடுது, விளக்கு அப்படியேதானே இருக்கு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அந்த வருடம் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவனை இயற்பியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். அவர் தன் கைப்பேசியில் ஒளியளக்கும் செயலியோடு கீழே இறங்கி வந்துவிட்டார். குண்டு பல்பிலிருந்து 1 மீட்டரில் 120 காட்டியது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும், ஆக 2 மீட்டரில் 30 வர வேண்டும். 41 வந்தது. நான் பதறினேன், அவருக்கோ ஏகச் சந்தோஷம். "ஏன் 30 வரலை? கண்டுபிடிங்க" என்று பிள்ளைகளிடம் விட்டார். அரைமணி நேரம் அடித்துக்கொண்டு, வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பியனுப்புகிறது என்று கண்டுபிடித்துச் சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். அது நம் கரியமில வாயுவின் துணி. காசு போட்டு வாங்கியதில் பயன்பட்ட ஒரே பொருள்.

அடுத்த வாரம் ஓவிய ஆசிரியர். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச்சும் பச்சை ஒட்டிய டார்ச்சும் வெள்ளைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மஞ்சள் வருகிறது. அதே சிவப்பையும் பச்சையையும் வண்ணக் குழம்பாகக் கலந்தால் அழுக்குப் பழுப்பு. ஒளியைக் கலப்பது கூட்டல், சாயத்தைக் கலப்பது கழித்தல் என்பதை அவர் சொல்லும் முன்பே ஒரு பெண், "அப்போ அழுகிற காட்சிக்கு எந்த வெளிச்சம் போட்டா சிவப்புப் புடவை கறுப்பாத் தெரியும்?" என்று கேட்டாள். பச்சை. இயற்பியலும் ஓவியமும் நாடகமும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. நான் ஒட்டுப்போட்ட எந்த இணைப்பிலும் இது நடக்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை, காரணம் வெட்கம். தமிழாசிரியை நான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று இளங்கோவடிகள் அளவு சொல்கிறார். கோல் என்பது 24 விரல். உள்ளே வர, வெளியே போக இரண்டு வாயில். மூன்று விதத் திரைகள். எல்லாவற்றுக்கும் மேல், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைக்கச் சொல்கிறார்: "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து". விளக்குப் பையன் கேட்டதும் அதே விஷயம்தான். இதைப் பதவுரை சொல்லி, மனப்பாடம் செய்ய வைத்து, மதிப்பெண் போட்டிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூடத் தரையில் அளந்து பார்த்ததில்லை.

மறுவாரம் அளந்தோம். "எந்த விரல் டீச்சர்?" என்பது முதல் கேள்வி. ஆளாளுக்குத் தங்கள் பெருவிரலின் அகலத்தை வைத்துக் கோல் செய்தார்கள். ஒருத்திக்கு 38 சென்டிமீட்டர், இன்னொருவனுக்கு 46. அப்படியானால் அவள் மேடை 2.66 மீட்டர் அகலம், அவன் மேடை 3.22. ஒரே பாட்டில் இரண்டு மேடைகள். பொது அளவு என்று ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பு இருக்க முடியாது என்றார் கணக்கு சார். நாடகப் பீரியடை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தவரும் அவர்தான். அவரே முன்வந்து மேடையின் மாதிரியைச் செய்ய வைத்தார். அரங்க வடிவமைப்பாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவு 1:25. இரண்டு மீட்டர் கதவு 8 சென்டிமீட்டராக நிற்க வேண்டும். ஒரு பையனின் கதவு 8 மில்லிமீட்டரில் வந்து நின்றது. அட்டையில் வெட்டிய மனிதன் கதவைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவனே முதலில் சிரித்தான். அதன் பிறகு விகிதத்தில் அவனுக்குத் தசமப்புள்ளி தவறவில்லை என்று சார் சொன்னார். ஒரு பையனை வைத்துப் பொதுவாகப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சக ஆசிரியர்களிடம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில், "என் நாடகத்துக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்களேன்" என்று போனேன். யாருக்கும் நேரம் இல்லை. இருக்காது, ஏற்கெனவே கழுத்துவரை வேலை. பிற்பாடு கேள்வியை மாற்றினேன்: "உங்க பாடத்துல பிள்ளைங்க எந்த இடத்துல தடுக்கி விழறாங்க?" இதற்கு எல்லா ஆசிரியரிடமும் நீண்ட பதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மேடைக்குள் இயல்பாக வருவது எது என்று பார்த்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் போதும். நான் மூன்றை ஒரே சமயத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முழி பிதுங்கினேன். மதிப்பெண்ணையும் கலக்காதீர்கள். முதல் பருவத்தில் வரலாற்றுக்கும் நடிப்புக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டேன். பேசவே கூச்சப்படும் ஒரு பெண், வகுப்பிலேயே அந்தக் காலகட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டவள், 50-க்கு 21 வாங்கினாள். குரல் கடைசி வரிசைக்குக் கேட்டதா, எதிரே இருப்பவர் பேசும்போது காது கொடுத்தாளா என்பதெல்லாம் என் தாளில். காரணகாரியம் சொன்னாளா என்பது வரலாற்று ஆசிரியரின் தாளில். பிரித்த பிறகு சண்டை ஓய்ந்தது.

இனி பெற்றோர் கூட்டம். எழுதவே கூசுகிறது. ஒரு அப்பா எழுந்து மரியாதையாகத்தான் கேட்டார்: "இதைப் படிச்சு எம்பொண்ணு என்ன வேலைக்குப் போவா?" நான் புகழ்பெற்ற நடிகர்கள் நாலு பேரின் பெயரைச் சொன்னேன். பிறகு, "தன்னம்பிக்கை வளரும், பேச்சுத்திறன் வளரும், கணக்கு மார்க்கூட ஏறும்" என்று அடித்துவிட்டேன். "அதுக்கு ஆதாரம் இருக்கா டீச்சர்?" என்றார். ஆதாரம் இல்லாவிட்டால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விதி போட்டவள், வாயடைத்து நின்றேன். அடுத்த வாரம் மூன்று பேர் வகுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். அன்று மாலை ஒத்திகை அறையில் தெர்மாகோல் துகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, பேசாமல் இரண்டு பீரியடையும் கணக்குக்கே கொடுத்துவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது இது. கலைக் கல்வி பிற பாடங்களுக்குக் கைமாறுகிறதா என்று எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2000-ல் வெளியிட்டார்கள். வகுப்பறை நாடகம் மொழித்திறனுக்கு உதவுகிறது என்பதற்கு அவர்களுக்கு உறுதியான சான்று கிடைத்தது: கதையை நடித்துப் பார்த்த பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், நடிக்காத புதிய கதைகளுக்கும் அந்தப் பலன் ஓரளவு போய்ச் சேர்கிறது. கலை படித்தால் எல்லாப் பாடத்திலும் மார்க் ஏறும் என்ற பரவலான பேச்சுக்கு அப்படிச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே மொழி என்றால் தைரியமாகச் சொல்லுங்கள். கணக்கு மார்க் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

வேலை விஷயத்தில், நடிகரை உதாரணம் காட்டுவது லாட்டரியில் பரிசு விழுந்தவரைக் காட்டிச் சீட்டு விற்பது போல. நடிப்பில் வருமானம் சீராக வராது, அதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டால் பெற்றோர் மீதியைக் கேட்கிறார்கள். மேடையில் ஒருவர் நிற்க, மேடைக்குப் பின்னால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? ஒளி, ஒலி, அரங்க அமைப்பு, உடை வெட்டித் தைப்பவர், எல்லாரையும் நேரத்துக்கு நகர்த்தும் ஸ்டேஜ் மேனேஜர். இதில் பாதிப் பேர் இசை நிகழ்ச்சி, தொலைக்காட்சி, கண்காட்சி, பெரிய மாநாடு என்று வேறு இடங்களிலும் அதே வேலையைச் செய்கிறார்கள். பெற்றோருக்குப் புதிதாக இருந்த ஒன்று மருத்துவக் கல்வி. 1963-ல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்களைச் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் இப்படிப் பயிற்சி பெற்றவர்களைப் பரிசோதித்துத்தான் தேர்வெழுதுகிறார்கள். அதே வலியை, அதே தயக்கத்தை, இருபதாவது மாணவனிடமும் மாறாமல் காட்ட வேண்டும். பிரேசில் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் (1931–2009) உருவாக்கிய அரங்க முறையில் பார்வையாளர் எழுந்து காட்சியை நிறுத்தி, தானே பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழி தேடலாம். சமூகப் பணியில் இருப்பவர்கள் அதைக் கையாள்கிறார்கள். நாடகச் சிகிச்சை என்றும் ஒரு துறை உண்டு, ஆனால் அதற்குத் தனியாக உயர்படிப்பு வேண்டும். பள்ளி நாடகம் போதும் என்று யாருக்கும் ஆசை காட்டிவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நடைமுறையில் உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். "பள்ளி நாடகத்தில் பங்கேற்றேன்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஸ்டேஜ் மேனேஜர் வைத்திருக்கும் வசனப் பிரதியில் ஒவ்வொரு கியூவும் பென்சிலில் குறித்திருக்கும்: எந்தச் சொல்லில் விளக்கு மங்க வேண்டும், எந்த மூச்சில் மழைச்சத்தம் தொடங்க வேண்டும். அதைப் பிள்ளைகளே எழுதட்டும், தேதி போட்டுப் பத்திரப்படுத்தட்டும். நம் விளக்குப் பையன் இப்போது, "40 நிமிட நாடகம், 62 ஒளிக் கியூ, இரண்டு தவறின, காரணம் இது" என்று எழுதி வைத்திருக்கிறான். தவறிய இரண்டையும் எழுது என்று நான் சொல்லவில்லை, அவனாக எழுதினான்.

இரண்டாம் வருடம் முடியப் போகிறது. இரண்டு பீரியடும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. விலகிய மூவரில் ஒருத்தி திரும்பி வந்தாள், அந்த அப்பாவின் பெண் வரவில்லை. போன மாதம் உயிரியல் டீச்சர் வந்து, "ஒளிச்சேர்க்கையைத் திரும்பப் போடலாமா?" என்று கேட்டபோது கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. இந்தத் தடவை பாத்திரங்கள் வாயுக்கள் அல்ல, 1941-ன் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மனிதர்கள். ஒருத்திக்கு ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று நிரூபித்தே தீர வேண்டும். இன்னொருவனுக்குத் தண்ணீர் என்று சந்தேகம். அடையாளமிட்ட தண்ணீரைப் பாசிக்கு ஊற்றிவிட்டு இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். தப்பான கட்சியை எடுத்தவள் முந்தாநாள் ஒத்திகையில் வாதாடிய வாதத்தில் பாதி வகுப்பு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. உயிரியல் டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பலூன் வாங்கவில்லை.